ஜான் கேஜும் இல்லினாய் பல்கலைக்கழகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ரசனைக் கூட்டத்தில் இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையைப் பற்றி அவ்வப்போது பேசுவேன். பாக், பீத்தோவன் வரைக்கும் எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். 1967 முதல் 1969 வரை ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரெசிடென்சியில் இருந்து செய்த வேலைக்கு வந்தால் போதும், கைகள் உயர்ந்துவிடும். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. ஆகவே கேட்டவர்கள் வாயில் வந்தபடியே அவற்றை எழுதிப் பதில்களும் சேர்த்திருக்கிறேன்.

ரெசிடென்சின்னா என்ன சார்? அங்கேயே குடியிருக்கணுமா?

ஒரு கலைஞரைக் கொஞ்ச காலத்துக்குத் தன் வளாகத்துக்கு அழைத்து, சம்பளமும் இடமும் கொடுத்து, அவருடைய வேலையை அவர் போக்கில் பார்க்க விடுவது. சில மாதமாகவும் இருக்கலாம், சில வருடமாகவும் இருக்கலாம். பெட்டி படுக்கையோடு குடியேறுபவர்களும் உண்டு, நடுநடுவே கச்சேரிப் பயணம் போய் வருபவர்களும் உண்டு. நிரந்தரப் பேராசிரியர் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். ஒகையோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூரில் வெஸ்டர்ன் காலேஜ் என்ற பெண்கள் கல்லூரி இருந்தது. 1910-லேயே அது எட்கர் ஸ்டில்மன் கெல்லி என்ற இசையமைப்பாளருக்கு உதவித்தொகை கொடுத்து அங்கே இருக்க வைத்தது. ‘இசையமைப்பாளர்’ என்றதும் நம் மனசு சினிமாவுக்குப் போய்விடுகிறது. இந்தப் பக்கம் முழுக்க அந்தச் சொல் மேடைக்காக எழுதுபவரைத்தான் குறிக்கிறது.

அப்போ நம்ம ஊர் ஆஸ்தான வித்வான் மாதிரியா?

பாதி அப்படித்தான். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் ஆஸ்தானத்தில் ஆதரிப்பவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்பது முன்பே தெரியும். வித்வானும் ஏற்கெனவே தேர்ந்த வித்தையைத்தான் அங்கே காட்டுவார். ரெசிடென்சியில் என்ன வெளிவரும் என்று அழைத்தவருக்கும் தெரியாது, பல சமயம் வந்தவருக்கும் தெரியாது. கேஜ் விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

ஜான் கேஜ்னா பியானோ முன்னாடி சும்மா உட்கார்ந்திருந்தவர்தானே?

அவரேதான், ஆனால் உட்கார்ந்திருந்தது அவர் இல்லை. 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக்கில் 4 நிமிடம் 33 விநாடிக்குப் பியானோ வாசிக்காமல் இருந்தவர் டேவிட் டியூடர். அப்படி வாசிக்காமல் இருக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவர் கேஜ். டியூடரை மறந்துவிடாதீர்கள், இந்தக் கதையில் திரும்ப வருவார்.

கேஜ் 1912-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், 1992-ல் இறந்தார். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷான்பெர்கிடம் படித்தவர். பியானோக் கம்பிகளுக்கு இடையே திருகாணியும் ரப்பரும் செருகி அதை ஒரு தாளவாத்தியக் குழுவாகவே மாற்றியவர். காளான் பைத்தியம் வேறு. 1959-ல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் காளான் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி 50 லட்சம் லிரா ஜெயித்தார். அதுவரை இசை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது சொற்பம். பல்கலைக்கழகங்களின் ஆய்வு நியமனங்கள் அவருக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

நியூயார்க்கை விட்டுட்டு சோளக்காட்டுக்கு எதுக்குப் போனார்?

சோளக்காடு என்பது சரிதான். இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா-ஷாம்பெய்ன், சிகாகோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில், எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலாக உள்ள இரட்டை ஊர். ஆனால் அங்கே இசைத்துறையில் நடந்தவை நியூயார்க்கிலேயே நடக்காதவை. ஸ்தாயியை (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரை உள்ள தூரத்தை) 43 ஸ்வரங்களாகப் பிரித்து, அதற்கேற்ற வாத்தியங்களையும் தானே மரத்தில் செய்துகொண்ட ஹாரி பார்ட்ச், 1950-களின் பிற்பாதியில் அங்கே இருந்து பெரிய மேடைப் படைப்புகளை அரங்கேற்றினார். அவர் வழியில் நுண்சுருதியை எடுத்துக்கொண்ட பென் ஜான்ஸ்டன் அங்கேயே ஆசிரியர்.

அங்கே லெஜரன் ஹில்லரும் இருந்தார். இவர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். லியோனார்ட் ஐசக்சனோடு சேர்ந்து, பல்கலைக்கழகத்தின் இல்லியாக் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டு 1957-ல் ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை எழுதி முடித்தார். இரண்டு வயலின், வியோலா, செல்லோ வாசிக்க வேண்டிய இசையை இயந்திரம் விதிப்படி தேர்ந்தெடுத்தது. அடுத்த வருடம் அதே வளாகத்தில் மின்னணு இசைக்கூடமும் தொடங்கினார். ஆக, கேஜ் போனது ஊருக்காக இல்லை. ஹில்லருக்காகவும் அந்த இயந்திரத்துக்காகவும் போனார்.

அங்கே பாடம் நடத்தினாரா, இல்லையா?

அவருக்குக் கிடைத்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையத்து நியமனம். வாரத்துக்கு இத்தனை பீரியட் என்று கணக்குப் பார்க்கும் வேலை இல்லை அது. அவருக்கு வகுப்பு எடுக்கத் தெரியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1950-களின் பிற்பாதியில் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் அவர் எடுத்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான் பின்னாளில் ஹாப்பனிங், ஃப்ளக்ஸஸ் என்று பேசப்பட்ட புதுக்கலை இயக்கங்களில் முன்னால் நின்றார்கள்.

இல்லினாயில் மாணவர்கள் கற்றது கரும்பலகை பார்த்து அல்ல. அவரோடு வேலை செய்தார்கள். பின்னால் சொல்லப்போகும் படைப்பின் ஏழு வாத்தியக்காரர்களில் வில்லியம் புரூக்ஸும் நீலி புரூஸும் அங்கே படித்தவர்கள். நம்மூர் குருகுலத்தில் பாடாந்திரம் பாதி, பக்கத்தில் இருந்து பார்ப்பது பாதி என்பார்களே, அந்த இரண்டாவது பாதி இது.

முதல்ல மாட்டுக் கொட்டகையில கச்சேரி வெச்சாராமே, நிஜமா?

கொட்டகை என்பது கொஞ்சம் மிகை. ஸ்டாக் பெவிலியன் என்பது விவசாயக் கல்லூரி மாணவர்கள் கால்நடைகளைச் சுற்றிவரச் செய்து தரம் பார்க்கும் மூடிய அரங்கம். 1967 நவம்பர் 17 அன்று அதில்தான் கேஜ் ‘மியூசிசர்க்கஸ்’ நடத்தினார். வாசிக்க விருப்பம் உள்ளவர்கள் வரலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் இசையை வாசிக்கலாம், யாருக்கும் சம்பளம் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. ஜாஸ் குழு ஒரு மூலையில் என்றால் மின்னணுக் கருவிகள் இன்னொரு மூலையில்.

திருவிழாக் கடைத்தெருவில் நாதஸ்வரம் ஒரு பக்கம், குழாய் ஸ்பீக்கரில் சாமி பாட்டு ஒரு பக்கம், பலூன்காரர் பீப்பி ஒரு பக்கம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு பெரியவர், “இதுக்கு எதுக்குப்பா அமெரிக்கா, சித்திரைத் திருவிழாவுக்குப் போனா போதுமே” என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் கலவையை இசை என்று கேட்க உட்கார்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள், அதுதான் வித்தியாசம்.

எச்.பி.எஸ்.சி.எச்.டி. - இது பேரா, எழுத்துப்பிழையா?

பேர்தான், கேஜும் ஹில்லரும் இல்லினாயில் சேர்ந்து செய்த படைப்பின் பேர். ஹார்ப்சிகார்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்துகளையும் இரண்டு ‘ஆர்’ எழுத்துகளையும் உதிர்த்துவிட்டால் ஆறு எழுத்து மிஞ்சும். அந்தக் காலக் கம்ப்யூட்டர் நிரல்களில் ஒரு பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் இடம் இல்லை, அதுவும் பெரிய எழுத்தில்தான். அந்தச் சிக்கனமே தலைப்பாக நின்றுவிட்டது. உச்சரிக்கும்போது ஹார்ப்சிகார்ட் என்றே சொல்வார்கள்.

ஹார்ப்சிகார்ட் என்பது பியானோவுக்கு மூத்தது. பியானோவில் சுத்தி கம்பியை அடிக்கும், இதில் முள் கம்பியைச் சுண்டும். ஆகவே எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒரே அளவு சத்தம்தான். கேஜுக்கு அந்த வாத்தியம் பிடிக்கவே பிடிக்காது. தையல் மெஷின் ஞாபகம் வருகிறது என்றார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்து ஹார்ப்சிகார்ட் கலைஞர் அன்டோனெட் ஃபிஷர் தனக்கு ஒன்று எழுதித் தரும்படி கேட்டிருந்தார். இல்லினாய் அழைப்பு அதை நிறைவேற்ற வழி செய்தது.

1967-ல கம்ப்யூட்டர் என்னத்தைப் பண்ணியிருக்கும்?

காசு சுண்டியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1950-களின் தொடக்கத்திலிருந்து கேஜ் தன் ரசனையை ஒதுக்கிவைத்துவிட்டு, சீனர்களின் ஐ சிங் நூலிடம் கேட்டு ஸ்வரத்தை முடிவுசெய்து வந்தார். மூன்று காசை ஆறு தடவை சுண்டினால் 64 குறிகளில் ஒன்று விழும். கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது போலத்தான், ஆனால் இவர் கேட்டது கல்யாணக் காரியம் இல்லை, அடுத்த ஸ்வரம் எது, எவ்வளவு நேரம் என்பது. ஒரு படைப்புக்கு ஆயிரக்கணக்கான முறை சுண்ட வேண்டும். இல்லியாக் 2 கம்ப்யூட்டரில் ஐ சிங்குக்கு என்றே ஒரு துணைநிரல் எழுதியதும் அந்த உழைப்பு இயந்திரத்தின் தலைக்குப் போனது.

காசு சுண்டும் வேலை போனதால் நேரம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் தப்பு. அவர் கேள்விகளைப் பெருக்கிவிட்டார். கையால் சுண்டும்போது நூறு கேள்வி கேட்டவர், இயந்திரம் கிடைத்ததும் லட்சம் கேட்டார். நிரல் எழுதுவதும், பிழை பார்ப்பதும், எண்களை ஒலியாக்கி டேப்பில் ஏற்றுவதும் சேர்ந்து இரண்டு வருடத்தை விழுங்கின.

இதுல மொசார்ட் எங்கே வந்தார்?

மொசார்ட் பேரில் ஒரு பகடை விளையாட்டு 1790-களில் அச்சானது. அவர் செய்ததா என்பது உறுதி இல்லாத விஷயம். 16 அடைப்பு (தாளக்கட்டு, ஆங்கிலத்தில் ‘பார்’) நீளமுள்ள நடன இசை. ஒவ்வோர் அடைப்புக்கும் 11 மாற்று, ஆக மொத்தம் 176 துண்டுகள். இரண்டு பகடையை உருட்டினால் 2 முதல் 12 வரை வரும், விழும் எண்ணுக்கு உரிய துண்டை எடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். சங்கீதம் தெரியாதவரும் ஒரு நடனத்தை ‘இயற்றி’விடலாம். தற்செயலை நம்பிய கேஜுக்கும் கணக்கை நம்பிய ஹில்லருக்கும் பொதுவான பாட்டன் இந்த விளையாட்டு.

ஹார்ப்சிகார்ட் பகுதிகள் ஏழு. ஒன்றில் இந்தப் பகடை இசை உள்ளபடி வரும். வேறு சிலவற்றில் பகடைத் துண்டுகளின் இடத்தில் மொசார்ட்டின் மற்ற படைப்புகளோ பீத்தோவன், ஷோப்பின், ஷூமன், ஷான்பெர்க் போன்றவர்களின் துண்டுகளோ வந்து உட்காரும். கேஜும் ஹில்லரும் எழுதிய பழைய துண்டுகளும் அதில் உண்டு. இன்னொன்று முழுக்கக் கம்ப்யூட்டர் கொடுத்த ஸ்வரங்கள். மற்றொன்றில் வாசிப்பவர் மொசார்ட்டில் தனக்குப் பிடித்ததை வாசிக்கலாம், சாதகம்கூடப் பண்ணலாம்.

22 சுருதியும் அதுல இருந்துச்சாமே? அப்போ நம்ம சங்கீதத்தை எடுத்துக்கிட்டாரா?

இந்தக் கேள்வி சங்கீதம் படித்தவர்களிடமிருந்து வரும். 22 இருந்தது உண்மை. ஹார்ப்சிகார்டுகளோடு 51 டேப்புகள் ஒலித்தன. ஸ்தாயியை 5 சம பாகமாகப் பிரித்தது ஒரு டேப், 6 பாகமாகப் பிரித்தது அடுத்தது, இப்படியே 56 வரை. 5 முதல் 56 வரை எண்ணினால் 52 வரும். வழக்கமான 12-ஐ ஹார்ப்சிகார்டே வாசித்துவிடுவதால் அதற்கு டேப் இல்லை, 51 ஆயிற்று. 22 பாகமாகப் பிரித்த டேப்பும் அந்த வரிசையில் ஒன்று.

ஆனால் அது நம் சுருதி இல்லை. நம் நூல்கள் சொல்லும் 22 சுருதிகளை இன்று விளக்குபவர்கள் பெரும்பாலும் சமமில்லாத இடைவெளிகளாகத்தான் கணக்கிடுகிறார்கள். ராகமும் கமகமும் இல்லாமல் அதற்கு உயிரும் இல்லை. டேப்பில் இருந்தது அளவுகோல் வைத்து வெட்டிய 22. பெயர் ஒற்றுமையை வைத்து ‘நம்மகிட்டேருந்து போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு என் கும்பிடு.

கச்சேரி அன்னிக்கு என்னதான் நடந்தது?

1969 மே 16, மாலை. இடம் அசெம்பிளி ஹால். கட்டடக் கலைஞர் மேக்ஸ் அப்ரமோவிட்ஸ் வடிவமைத்து 1963-ல் திறந்த வட்டக் கூடம். கவிழ்த்த கிண்ணம் போலக் கான்கிரீட் கூரை. வழக்கமாகக் கூடைப்பந்து நடக்கும், அப்போது 16,000 பேர் வரை உட்காரலாம். நடுத்தரையில் மேடைகள் போட்டு ஏழு ஹார்ப்சிகார்டுகள். வாசித்தவர்களில் டேவிட் டியூடர், எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்த அன்டோனெட் ஃபிஷர், ஜப்பானின் யூஜி தகஹாஷி, மேலே சொன்ன மாணவர்கள் இருவர். கூடத்தைச் சுற்றிலும் 50-க்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களில் டேப்புகள். ஒரு ஹார்ப்சிகார்ட் பகுதியின் நீளம் 20 நிமிடம், டேப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். திரும்பத் திரும்ப, வெவ்வேறு சேர்க்கையில், நள்ளிரவு நெருங்கும்வரை நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

காதுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரொனால்டு நேமத்தும் கால்வின் சம்ஷனும் படங்களைப் பொறுப்பேற்றிருந்தார்கள். 60-க்கு மேற்பட்ட ஸ்லைடு புரொஜெக்டர்கள், ஆயிரக்கணக்கான ஸ்லைடுகள், திரைகளிலும் கூரையின் வளைவிலும் நாசாவின் விண்வெளிப் படங்கள். இரண்டு நாள் கழித்து அப்போலோ 10 நிலவை நோக்கிக் கிளம்பியது. அந்த மாதத்தில் அமெரிக்காவில் எல்லோர் கண்ணும் வானத்தில்தான். ஜனங்கள் நாற்காலியில் உட்காரவில்லை. நடுத்தரைக்கு இறங்கி வாத்தியங்களுக்கு நடுவே நடந்தார்கள், ஆடினார்கள், படுத்துப் பார்த்தார்கள், வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். எங்கே நிற்கிறோமோ அதற்கேற்ப ஒரு ஹார்ப்சிகார்ட் துலக்கமாகக் கேட்கும், மற்றதெல்லாம் மழை இரைச்சல் போலச் சேர்ந்துகொள்ளும். அன்று அங்கே இருந்த எவரும் இன்னொருவர் கேட்டதைக் கேட்கவில்லை.

பணம் யார் கொடுத்தது?

பெரும்பகுதி, பணமாகக் கைமாறாமலே கிடைத்தது. ஃபிஷர் கேட்டது ஒரு ஹார்ப்சிகார்டுக்கு ஒரு படைப்பு. அவருக்கு நியாயமாக ஒன்று எழுதிக் கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏழு வாத்தியமாகவும் 51 டேப்பாகவும் அது பெருத்ததற்குக் காரணம், பல்கலைக்கழகத்திடம் ஏற்கெனவே இருந்த சங்கதிகள்: கம்ப்யூட்டர் நேரம், ஹில்லர் வளர்த்த ஒலிக்கூடம், காலியாகக் கிடக்கும் விளையாட்டு அரங்கம், கூப்பிட்டால் வரும் மாணவர்கள். ஸ்டாக் பெவிலியனும் இந்தக் கணக்கில்தான் வரும். வெளியே எந்தச் சபாவும் எந்தப் புரவலரும் இவற்றை விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

ரெசிடென்சி என்றதும் சம்பளத்தைத்தான் கேட்கிறோம். நான் பார்த்தவரை, சம்பளத்தைவிட வளாகத்துச் சாவிக்கொத்துதான் பெரிய கொடை. கேஜ் எல்லாச் சாவியையும் போட்டுத் திறந்து பார்த்தார்.

சரி, இது யார் படைப்பு? கேஜா, ஹில்லரா, கம்ப்யூட்டரா?

அச்சான பிரதியில் கேஜ், ஹில்லர் இருவர் பேரும் சமமாக இருக்கும். பேச்சு வழக்கில் ஹில்லர் பேர் விழுந்துபோவது அநியாயம். அரங்கேற்றத்துக்கு முன்பே, 1968-ல், அவர் பஃபலோ பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டதும், கேஜின் புகழும் சேர்ந்து இப்படி ஆக்கிவிட்டன. இதில் இன்னொரு வேடிக்கை: கேஜ் அதுவரை யாருடைய ரசனையும் நுழையாமல் பார்த்துக்கொண்டவர், ஹில்லரோ இயந்திரத்துக்கு விதி கற்றுக்கொடுக்க நினைத்தவர். ஒருவருக்கு விதி வேண்டாம், மற்றவருக்கு விதி வேண்டும்.

கம்ப்யூட்டருக்குப் பங்கு கேட்பவர்களுக்கு என் பதில்: பகடையும் அதைத்தானே செய்தது, பகடைக்கு யாரும் பங்கு கேட்கவில்லையே. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவுசெய்தவர்கள் மனிதர்கள். அந்த முடிவை நிரலாக்கி ஓட வைத்ததில் கேரி கிராஸ்மன் என்ற நிரலாளருக்கும் பங்கு உண்டு. அவர் பேரும் பல இடங்களில் விட்டுப்போகும்.

இதுக்கும் நமக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, சும்மா கேட்டு வெக்கிறேன்?

22 சுருதி வழியாக இல்லை, வேறு வழியாக உண்டு. 1946-ல் அகமதாபாத்தின் கீதா சாராபாய் நியூயார்க்கில் கேஜிடம் மேற்கத்திய நவீன இசை படித்தார், பதிலுக்கு அவருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தார். மனத்தை அடக்கித் தெளிவிப்பதுதான் இசையின் வேலை என்று தன் குரு சொன்னதை அவர் சொல்ல, கேஜ் அதை ஆயுள் முழுக்கத் திருப்பிச் சொன்னார். அதே காலத்தில் கேஜ் ஆழ்ந்து படித்த எழுத்தாளர், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தந்தை முத்து குமாரசுவாமி ஈழத்தமிழர், தாய் ஆங்கிலேயர். நவரசத்தைக் கேஜ் அறிந்தது அவர் எழுத்து வழியாகத்தான். திருகாணி செருகிய பியானோவுக்கு 1946-48-ல் அவர் எழுதிய சொனாட்டாக்கள் அந்த ரசங்களைப் பற்றியவை. கலை என்பது இயற்கை செயல்படும் முறையைப் பின்பற்றுவது என்ற கருத்தையும் குமாரசுவாமியிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அசெம்பிளி ஹாலில் ஒலித்த மழை இரைச்சலுக்கு வேர் அங்கே.

இன்னொரு நூல் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில். இல்லினாய்க்கு முன்பு, 1960-61-ல், கேஜ் அங்கே ஆய்வு உறுப்பினராக இருந்தார். சில வருடங்களிலேயே அதே வளாகத்துக்கு மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் கலைஞராக வந்து சேர்ந்தார், பின்பு அவர் தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதன். வீணை தனம்மாளின் பேரன்கள், பாலசரஸ்வதியின் தம்பிகள். அழைக்கப்பட்டு வந்தவரிடம் பட்டச் சான்றிதழைக் கேட்காமல் வித்தையைக் கேட்கும் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இவர்களும் அங்கே போயிருக்க முடியாது.

கேட்டுப் பார்க்கணும்னா எங்கே ஆரம்பிக்கிறது?

1969-லேயே நான்சச் நிறுவனம் இசைத்தட்டு வெளியிட்டது. ஒரு பக்கம் சுமார் 21 நிமிட எச்.பி.எஸ்.சி.எச்.டி., மறுபக்கம் மேலே சொன்ன பென் ஜான்ஸ்டனின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட். தட்டோடு கம்ப்யூட்டர் அச்சிட்ட ஒரு தாளும் வரும். 5 விநாடிக்கு ஒருமுறை ஒலி அளவையும் பேஸ், டிரெபிள் குமிழ்களையும் எப்படித் திருப்புவது என்று அதில் எண்கள் இருக்கும், ஒவ்வொரு தாளும் வேறுவேறு. கேட்பவரும் வாசிக்க வேண்டும் என்பது எண்ணம். நானும் ஒரு நண்பரும் அந்த எண்களைப் பின்பற்றி ஸ்டீரியோவின் குமிழ்களைத் திருகிப் பார்த்தோம். மூன்றாவது நிமிடத்தில் கை வலித்து, பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் தடவை ஹெட்ஃபோன் வேண்டாம். வீட்டில் போட்டுவிட்டு அறைக்கு அறை நடந்து கேளுங்கள்.

நேராச் சொல்லுங்க, உங்களுக்குப் பிடிச்சிருக்கா?

தட்டில் கேட்கும்போது பாதி நேரம் அலுப்பு. 51 டேப்பும் சேர்ந்தால் எது 22 பாகம், எது 53 பாகம் என்று எந்தக் காதும் பிரிக்க முடியாது. அவ்வளவு கணக்குப் போட்டு இரைச்சலை வாங்கினார்களே என்று தோன்றும். ஹில்லரின் உழைப்பு அந்த இரைச்சலுக்குள் கரைந்துபோனது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் நடுவில் ஒரு நொடி, மற்றவை தற்செயலாக அடங்கி, ஒரே ஒரு ஹார்ப்சிகார்டில் மொசார்ட்டின் நாலு ஸ்வரம் துல்லியமாக எட்டிப் பார்த்துவிட்டு மறையும். அந்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் என்று குறித்துவைத்திருந்தேன். அடுத்த முறை ஸ்பீக்கரை வேறு மூலைக்கு மாற்றிக் கேட்டபோது அதே நிமிடத்தில் வேறு எதுவோ கேட்டது.